சோக்கை எடுத்தால் அணைந்துபோகிறது புல் மெசின்

கேள்வி: ஐயா, நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் மூலை வீட்டில் இருக்கிறோம். பத்து மாதத்துக்கு முன் தள்ளிக்கொண்டு போகிற புல் வெட்டும் மெசின் வாங்கினோம். ஓராண்டு வாரண்டி. தைப்பூசத்துக்கு முன் கடைசியாக வெட்டியது. இப்போது மழை பிடித்து, புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மெசினை இழுத்தால் சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது. சோக்கைத் தள்ளினால் உடனே அணைந்துவிடுகிறது. வாங்கிய கடைக்கே கொண்டுபோனோம். “இன்ஜின் போச்சு, பிரித்துப் பார்க்க 450 வெள்ளி ஆகும்” என்றார். வாரண்டி இருக்கிறதே என்றால், “பழைய பெட்ரோல் ஊற்றி வைத்திருக்கிறீர்கள், அதற்கு வாரண்டி கிடையாது” என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மா, கடைக்காரர் சொன்ன இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் போய்விட்டது என்றால், பத்தே மாதத்தில் ஏன் போனது என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய பெட்ரோல்தான் காரணம் என்றால் இன்ஜின் போகவில்லை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்பும் கார்புரேட்டர் அடைத்திருக்கிறது. அதற்கு 450 வெள்ளி ஆகாது. ஒன்றைச் சொல்லி வாரண்டியைத் தட்டிக் கழிப்பார், இன்னொன்றைச் சொல்லிக் காசு கேட்பார் என்றால் எப்படி?

ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் உண்டு. கெட்டுப்போன பெட்ரோலால் வரும் அடைப்பைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வாரண்டியில் சேர்ப்பதில்லை. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதனால் சண்டைக்குப் போகுமுன் கோளாறு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதை நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். சோக் என்பது காற்று வரும் வாயை மூடும் சின்னத் தகடு. காற்று குறைந்தால் இன்ஜினின் உறிஞ்சல் முழுக்க பெட்ரோல் துளையின் மேல் விழும். துளை பாதி அடைந்திருந்தாலும் அந்த இழுப்பில் ஓடும் அளவுக்குப் பெட்ரோல் வந்துவிடும். சோக்கைத் திறந்ததும் காற்று தாராளமாக உள்ளே வரும், பெட்ரோல் பற்றாது, அணைந்துவிடும். பிஸ்டனோ வால்வோ போயிருந்தால் சோக் போட்டாலும் இப்படி ஒழுங்காக ஓடாது. என் கணக்கில் உங்கள் மெசினில் அடைத்திருப்பது மெயின் ஜெட், அதாவது அந்தப் பெட்ரோல் துளை உள்ள சின்னத் திருகு. அதன் ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். புல் வளராது, மெசின் பின்கட்டில் தூங்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நாலைந்து கரண்டி பெட்ரோல் நிற்கும். பெட்ரோல் ஒரே சரக்கல்ல, பல எண்ணெய்களின் கலவை. எளிதில் ஆவியாகி, எளிதில் தீப்பிடிக்கிற பகுதி முதலில் பறந்துவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து, பலாப்பழப் பால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் பிசினாகிவிடும். முப்பது நாளுக்கு மேல் வைத்த பெட்ரோலை நம்பாதே என்று இன்ஜின் செய்பவர்களே சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அதற்குமேல் தவணை எதிர்பார்க்க முடியாது. ஏப்ரல் மழை வந்ததும் எனக்கு இப்படிக் கடிதங்கள் வரிசையாக வரும். நானே ஒரு வருடம் என் மெசினுக்குப் புது ஸ்பார்க் பிளக், புது ஏர் பில்டர் எல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் தேன் நிறத்தில் படிந்து கிடந்தது.

(யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவார்கள். அங்கே பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலப்பது வழக்கம், அது ஈரத்தை இழுக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலும் வைத்திருந்தால் கெடத்தான் செய்யும்.)

வீட்டில் செய்து பார்க்கலாம். முதல் வேலை, பிளக் மேல் இருக்கும் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கை வைக்கும் நேரத்தில் கத்தி சுற்றக்கூடாது. இடத்தையும் பாருங்கள். நம் வீடுகளில் பின்கட்டில்தான் கேஸ் அடுப்பு, சில வீடுகளில் அங்கேயே சாமி விளக்கும் எரியும். மெசினை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

தொட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்டது பழைய வார்னிஷ் டின்னைத் திறந்த வாடை அடிக்கும். அப்படி இருந்தால் முழுவதையும் வடித்து எடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பிறகு கார்புரேட்டரின் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். பல மெசின்களில் 10 நம்பர் ஸ்பானர் பொருந்தும். தொட்டியிலிருந்து வரும் குழாயை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலெல்லாம் பெட்ரோல்தான். கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக முத்து முத்தாக உருண்டு நின்றால் அது தண்ணீர். மூடி சரியாக மூடாத மெசினை மழையில் விட்டால் இப்படி ஆகும். அப்போது தொட்டியையும் காயவிட வேண்டும்.

நடுவில் நிற்கும் பித்தளைத் திருகுதான் ஜெட். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரியவேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மின்வயரில் இருந்து பிரித்த ஒற்றைச் செம்புக் கம்பியை விட்டு எடுங்கள். குண்டூசி, துளை போடும் கம்பி எதுவும் வேண்டாம். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் மெசின் காலமெல்லாம் கரும்புகை தள்ளும். ரப்பர் வளையங்களில் கிளீனர் படாமல் பாருங்கள், ஊதிவிடும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

இதையெல்லாம் செய்ய மனமில்லையா, பரவாயில்லை. கடையில் போய், “ரிப்பேர் எவ்வளவு?” என்று கேட்காமல், “கார்புரேட்டர் கழுவிக் கொடுக்க எவ்வளவு?” என்று கேளுங்கள். இன்ஜின் போய்விட்டது என்று பிடிவாதம் பிடித்தால், கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே கொடுக்கும் அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். கூலியையும் சாமான் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். அப்படிக் கேட்டதுமே 450 என்பது இறங்கி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்து வையுங்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் தரும் வாரண்டி அட்டை அதைக் குறைக்க முடியாது. பழுது பார்க்கும் வேலைக்கும் அதே சட்டம் பொருந்தும். கூலியை முன்கூட்டிப் பேசாவிட்டால் நியாயமான கூலிக்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் கெட்ட பெட்ரோலைத் தொட்டியில் வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். முதலில் கழுவுங்கள். அப்புறமும் ஓடவில்லை என்றால் கோளாறு வேறு, உங்கள் பக்கம் வலுவும் கூடும்.

இன்னொன்று. பத்து நிமிடம் நன்றாக ஓடி, அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிற மெசின் என்றால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். தொட்டி மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது அடைத்திருக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாலே தெரியும். செலவு இல்லை.

கேள்வி: அண்ணே, எங்கள் கோயிலுக்கு முதுகில் மாட்டிக்கொள்ளும் புல் மெசின் ஒன்று இருக்கிறது. திருவிழாவுக்கு முன் லாலாங் வெட்ட எடுத்தோம். ஒரே வெள்ளைப் புகை, வேகமே இல்லை. பெட்ரோலில் ஆளுக்கொரு அளவில் 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் கலக்கிறார்கள். ஒருவர் கார் இன்ஜின் எண்ணெயே போதும் என்கிறார்.
– கோயில் இளைஞர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, அந்த ஒருவரிடமிருந்து போத்தலை வாங்கிப் பூட்டி வையுங்கள். கார் எண்ணெய் அடிச்சட்டியில் நின்று சுற்றி வருவதற்காகச் செய்தது. உங்கள் மெசின் மாதிரி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் பெட்ரோலோடு எரிந்து வெளியேற வேண்டும், அது அப்படி எரியாது; கரி பிடித்து, புகைபோக்கியை அடைக்கும்.

அளவு மெசினுக்கு மெசின் மாறும். தொட்டி மூடியிலோ கையேட்டிலோ 25:1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி, எண்ணெய் டின்னோடு கட்டி வையுங்கள். கண்ணால் பார்த்து ஊற்றுவதை நிறுத்தினாலே பாதிச் சண்டை தீரும். கூடினால் புகை, பிளக் நனையும். குறைந்தால்தான் ஆபத்து. எண்ணெயே இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் உருளையில் பிடித்துக்கொள்ளும். “இன்ஜின் போச்சு” என்று யாராவது அப்போது சொன்னால் நம்பலாம்.

போன திருவிழாவில் கலந்த மிச்சத்தை ஊற்றினீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. ஊற்றியிருந்தால் புதிதாகக் கலந்து முயலுங்கள். கலவையை மினரல் வாட்டர் போத்தலில் வைக்காதீர்கள். 2டி எண்ணெயில் நிறம் சேர்த்திருப்பார்கள், கலந்ததும் பார்ப்பதற்குச் சர்பத் மாதிரி இருக்கும். வெயிலில் வேலை செய்துவிட்டு, அன்னதானக் கூடத்தில் தாகத்தோடு நுழைபவர் கையில் அது கிடைக்கலாம். பெட்ரோலுக்கென்றே விற்கும் சிவப்பு டின் ஒன்று வாங்கி, கலந்த தேதியை மார்க்கரால் எழுதி வையுங்கள்.

கேள்வி: ரோன் 95-க்குப் பதில் ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் மெசினுக்கு நல்லதா? அடுத்த மெசின் பேட்டரியில் ஓடுவதாக வாங்கலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: 97 வேண்டாம். அந்த எண் இன்ஜினுக்குள் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டுவது, சக்தியை அல்ல. சின்ன இன்ஜின்களில் அழுத்தம் குறைவு, 95 தாராளம். வைத்திருந்தால் 97-உம் அதே மாதிரி கெடும்.

பேட்டரி பற்றி: தெரஸ் வீட்டின் முன்னால் இருபதடிப் புல்தரை என்றால் தாராளமாக வாங்கலாம், இந்தக் கார்புரேட்டர் புராணமே இல்லை. காடு மாதிரி லாலாங் வளரும் நிலத்துக்குப் பெட்ரோல்தான் இன்னும் சரி. கடையில் மெசின் விலையைக் கேட்பதற்கு முன், மாற்று பேட்டரி தனியாக என்ன விலை, எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். விற்பவர் முகம் மாறினால் அடுத்த கடைக்கு நடங்கள்.