வெண்பா வாசிக்கட்டும்: தமிழாசிரியர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் தமிழ் கற்பிப்போரும் பெற்றோரும் கேட்டவை. காசு கேட்கும் மென்பொருள் எதையும் சொல்லப்போவதில்லை.

கேள்வி (தொடக்கநிலை ஆசிரியை, ஈசூன்): நான் கதை சொன்னால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற பையன், கருத்தறிதல் தாளைக் கொடுத்தால் வாயடைத்துப் போகிறான். வாசித்துக் காட்டும் கருவி உண்டா?

பதில்: எட்ஜ் உலாவியிலேயே உண்டு. பகுதியை அதில் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழுக்கு இருவர் இருக்கிறார்கள்: வெண்பா, அன்பு. பெயர் வைத்தவர் வாழ்க! வாசிக்கப்படும் சொல் திரையில் ஒளிரும், வேகத்தையும் குறைக்கலாம். முதல் முறை காதால் மட்டும் கேட்கட்டும், அடுத்த முறை கண்ணும் கூடவே போகட்டும்.

கேள்வி (துணைப்பாட ஆசிரியர், உட்லண்ட்ஸ்): பார்வை குன்றிய மாணவிக்குப் பழைய பயிற்சித்தாள்களை அனுப்பினேன். திரையில் இருப்பதை அவருக்குப் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் உளறுகிறது. கோளாறா?

பதில்: அந்த இலவச மென்பொருள்மீது பழி வேண்டாம். உங்கள் தாள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் வேடம் கட்டிய ஆங்கில எழுத்துகள்! எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், குட்டு வெளிப்படும். நானும் இப்படிச் சேர்த்துவைத்த தாள்களுக்கு ஒரு டிசம்பர் விடுமுறையைப் பறிகொடுத்தவன்.

இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் உண்டு. பழைய எழுத்தை அதில் ஒட்டினால், கணினி தமிழாகவே அறியும் யூனிகோடு எழுத்தாக்கித் தரும். அச்சுத்தாள் மட்டும் இருந்தால் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள், படம் எழுத்தாகும். ஆங்காங்கே எழுத்து மாறியிருக்கும், படித்துத் திருத்தாமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி (தாய், செங்காங்): மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம். ஆங்கிலத்துக்கு இத்தகையோருக்கென உருவாக்கிய ஓபன்டிஸ்லெக்சிக் எழுத்துரு வைத்திருக்கிறோம். தமிழுக்கு?

பதில்: அதில் தமிழ் எழுத்துகள் இல்லை அம்மா. ஆங்கிலத்திலும் அதன் பலன் உறுதியாக நிறுவப்படவில்லை, ஆகவே பெரிய இழப்பில்லை. தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கொ' என்பதில் முதலில் ஒலிப்பது க். கண்ணில் முதலில் படுவதோ கொம்பு, பிறகு க, அதன்பின் கால். ஒரே உயிரொலி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கெ', 'கே' இரண்டுக்கும் வேறுபாடு கொம்பின் ஒரு சுழிதான். பெரியவர்களான நாம் இதை மறந்தே போனோம். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவச எழுத்துருவில், பெரிய அளவில், வரிகளை அகலமாக விட்டு அச்சிடுங்கள். கொம்புக்கும் காலுக்கும் ஒரே வண்ணம் தீட்டச் சொல்லிச் சில நாள் பழக்குங்கள்.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து அழகாக இருக்கிறதே?

பதில்: யாருக்கு? எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. மஞ்சள் அதன் பக்கத்தில்கூட வராது.

கேள்வி (உயர்நிலை ஆசிரியர், ஜூரோங்): கை நடுக்கமுள்ள மாணவர் கட்டுரை எழுத என்ன வழி?

பதில்: குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, குரல்வழித் தட்டச்சில் சிங்கப்பூர்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். வகுப்புப் பயிற்சியில் றகர, ரகரக் குழப்பத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், பிழை அவருடையதன்று. நிறுத்தக்குறிகளை மட்டும் நீங்கள் உடனிருந்து தட்டச்சு செய்துகொடுங்கள். 'முற்றுப்புள்ளி' என்று அவர் சொன்னால், அது அந்தச் சொல்லையே எழுதிவைக்கும்.