பறந்துகொண்டிருக்கும்போது என்ஜின் நின்றுபோனால் சின்ன விமானம் விழுந்துவிடுமா? உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?

விழாது. எனக்கு நடந்திருக்கிறது.

நான் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன். விமானி உரிமம் எடுக்கச் சுபாங் விமான நிலையத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. விமானம் செஸ்னா 172, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய மாடல். பக்கத்து இருக்கையில் என் பயிற்றுநர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். காலை ஒன்பது மணி, நல்ல புழுக்கம். கடற்கரையோரமாகத் தஞ்சோங் காராங் பக்கம் 2,000 அடியில் போய்க்கொண்டிருந்தோம்.

என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் கொஞ்சம் இறங்கியது. என்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை லேசாகத் தள்ளிச் சரிசெய்தேன். சற்று நேரத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி தள்ளினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் என்ஜின் விக்கி விக்கி ஓட ஆரம்பித்தது.

அண்ணன் உடனே கார்ப் ஹீட் குமிழை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை, முழுதாக இழுத்தார். உதறல் இன்னும் மோசமானது. அப்புறம் சத்தம் அடங்கியது. புரொப்பெல்லர் மட்டும் எதிர்க்காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. காற்றின் இரைச்சல் அவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நான் என்னையறியாமல் விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். கீழே போகக்கூடாது என்று உடம்பே செய்கிற வேலை அது. உயிரை வாங்குவதும் அதுதான். வேகம் குறைந்தால் இறக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும். ஸ்டால் என்பது அதைத்தான். விமானம் உண்மையிலேயே விழுவது அப்போதுதான். அண்ணன் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். "மூக்க இறக்கு தம்பி. அறுபத்தஞ்சு. அத விடாத."

65 நாட் என்பது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டால் இந்த விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே போகும். 2,000 அடியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போகலாம், ஆனால் கையில் இருப்பது மூன்று நிமிடம்கூட இல்லை. சுபாங் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் அறுவடை முடிந்த வயல். தூரத்தில் யாரோ வைக்கோல் எரித்த புகை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. அண்ணன் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, வரப்புக்கு இணையாக நீளமாகக் கிடந்த ஒரு வயலைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான், ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில், ஆபத்து என்று சொல்லும் 7700 எண்ணைப் போட்டேன். "மேடே, மேடே, மேடே" என்று அண்ணன் ரேடியோவில் அபாய அழைப்பு விடுத்தார். என்ஜினை மீண்டும் உயிர்ப்பிக்கப் பார்த்தார், முடியவில்லை. எரிபொருளை அடைத்தேன், என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை அணைத்தேன். பெல்ட்டை வயிறு வலிக்கும்வரை இறுக்கினோம். தரையில் மோதினால் சட்டம் நெளிந்து கதவு சிக்கிக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே கதவைத் திறந்துவைக்கச் சொன்னார். கடைசியாக, மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்மடல், ஃபிளாப். அது மின்சாரத்தில் ஓடுவது, அதனால் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அதற்குப் பிறகுதான் அணைக்க வேண்டும்.

தரை தொட்டபின் எல்லாம் சில வினாடிதான். வைக்கோல் தாள்கள் வயிற்றில் சரசரவென்று உரசின. முன்சக்கரம் மண்ணில் குத்தாதபடி அண்ணன் கடைசிவரை ஸ்டிரிங்கை இழுத்துப் பிடித்திருந்தார். ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் வரப்பில் மோட்டார் சைக்கிளில் வந்து எதுவும் கேட்காமல் தண்ணீர் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடிக்க முடியாத அளவுக்கு அப்போதுதான் என் கை நடுங்கியது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எங்களுக்கு உயரம் இருந்தது. ஓடுபாதையை விட்டு இப்போதுதான் எழும்பினோம் என்கிற நேரத்தில் என்ஜின் நின்றால் திரும்பிப் போகப் பார்க்கவே கூடாது. அந்தத் திருப்பத்திலேயே உயரமும் வேகமும் கரைந்துவிடும். நேர் எதிரே, கொஞ்சம் இடமோ வலமோ, கிடைக்கிற இடத்தில் இறங்க வேண்டியதுதான்.

சரி, என்ஜின் ஏன் நின்றது? பனிக்கட்டி. நம் ஊர் வெயிலில் பனியா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகலான கழுத்தில் காற்று விரையும்போதும் வெப்பம் 20, 30 டிகிரிகூட இறங்கும். நம் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அது உள்ளே உறைந்து என்ஜினின் மூச்சை அடைத்துவிடும். முள் மெல்ல இறங்குவதுதான் முதல் அறிகுறி. நான் த்ராட்டிலைத் தள்ளித் தள்ளி அதை மறைத்துவிட்டேன். கார்ப் ஹீட்டுக்குச் சூடு வருவது புகைக்குழாயிலிருந்து, அதனால் என்ஜின் நின்றபின் அந்தச் சூடும் போய்விடும். குமிழைச் சீக்கிரம் இழுத்திருந்தால், என்ஜின் உருகிய தண்ணீரைக் குடித்துக் கொஞ்ச நேரம் உதறிவிட்டு ஓடியிருக்கும்.

அப்புறம் என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. வயலில் நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பனி உருகிப் போயிருக்கும்.