பேஸ்பாலில் ஸ்ட்ரைக் அவுட் இப்போது ஏன் அவமானமாகத் தெரிவதில்லை?

மட்டையாளர் சுற்றித் தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய பந்தைச் சும்மா விட்டாலோ ஒரு ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் ஸ்ட்ரைக் அவுட். அதில் இருந்த கூச்சம் போய் ரொம்ப நாள் ஆகவில்லை. 2002இல் மில்வாக்கி அணியின் ஹோசே ஹெர்னாண்டஸ் 188 ஸ்ட்ரைக் அவுட்டில் நின்றபோது, ஒரே சீசனுக்கான அப்போதைய சாதனையான 189ஐத் தொட்டுவிடக் கூடாதென்று கடைசி ஆட்டங்கள் பலவற்றில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். 1941இல் அந்தக் கால நட்சத்திரம் ஜோ டிமாஜியோ சீசன் முழுக்க ஸ்ட்ரைக் அவுட் ஆனதே 13 முறைதான்!

அப்புறம் கணக்குப் பார்ப்பவர்கள் வந்தார்கள். எப்படி ஆனாலும் அவுட் அவுட்தானே? முதல் பேஸில் (ஓடுபவர் தொட்டுச் சுற்றிவரும் நான்கு இடங்களில் முதலாவது) ஆள் நிற்கும்போது பந்தைத் தரையில் உருட்டினால் அடித்தவர், ஓடுபவர் என இரண்டு பேர் அவுட் ஆகலாம். ஸ்ட்ரைக் அவுட்டில் பெரும்பாலும் ஒருவர்தான். (மூன்றாம் பேஸில் ஆள் இருந்தால் கதை வேறு; பந்து மட்டையில் பட்டாலே ரன் வரலாம்.) சரி, பந்தை வேலி தாண்டி அனுப்பும் ஹோம் ரன்னுக்காக மட்டையை ஓங்கியே சுற்றுவோம் என்றார்கள். 2017இல் ஆரோன் ஜட்ஜ் 208 ஸ்ட்ரைக் அவுட், 52 ஹோம் ரன். மேஜர் லீக் என்ற உச்ச நிலை பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகமும் அவரே.

மறு வருடமே மேஜர் லீகில் ஹிட்டைவிட (பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸைப் பிடிப்பது) ஸ்ட்ரைக் அவுட் அதிகமானது. பார்க்க எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது.