1 டிபி டிஸ்க்ல 931 ஜிபி தான் காட்டுது, மீதி எங்க சார் போச்சு?

கேள்வி: புதுசா 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். விண்டோஸ்ல போட்டா 931 ஜிபின்னு வருது. தெரிஞ்ச டெக்னீஷியன் ஒருத்தர் "69 ஜிபி லாக் ஆகியிருக்கு, காசு குடுங்க எடுத்துத் தரேன்"னு சொல்றார். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. உங்க டிஸ்க்ல எதுவும் லாக் ஆகல, எதுவும் குறையவும் இல்ல.

டிஸ்க் இடத்த பைட்ங்கிற சின்ன அளவாலதான் எண்ணுவாங்க. டிஸ்க் செய்யறவங்களுக்கு 1 ஜிபின்னா 100 கோடி பைட், 1 டிபின்னா லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024 கணக்குல போகும், அதாவது 1024-ஐ மூணு தடவ பெருக்கி வர்ற 107 கோடியே 37 லட்சம் பைட்டைத்தான் அது 1 ஜிபிங்கும். லட்சம் கோடியை அதால வகுங்க, 931 வரும். ஒரே தொட்டித் தண்ணிய சின்னக் குடத்துல மொண்டா ஆயிரம் குடம், பெரிய குடத்துல மொண்டா 931 குடம், தண்ணி அதே தண்ணிதான். நம்பிக்கை இல்லன்னா டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க, ஜிபி பக்கத்துலயே பைட் கணக்கும் இருக்கும், லட்சம் கோடிய ஒட்டித்தான் வரும்.

மனசுல போட்டுக்க ஒரே கணக்கு: பெட்டில இருக்கிற ஜிபிய 0.93-ஆல பெருக்குங்க. 500 ஜிபி 465 ஆகும். 2 டிபி டிஸ்க் 1.81 டிபின்னு காட்டும் (விண்டோஸுக்கு 1 டிபின்னா 1024 ஜிபி, அதனால இன்னும் கொஞ்சம் குறையும்), அதுக்கும் பயப்படாதீங்க.

எனக்கு ஆத்திரம் வர்றது இங்கதான். 1024 கணக்குக்குன்னு கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட்னு தனிப் பேரே 1998-லயே வச்சாச்சு. ஆப்பிள் 2009-ல மேக்கை 1000 கணக்குக்கு மாத்திடுச்சு. விண்டோஸ் மட்டும் இன்னிக்கும் 1024-ஆல வகுத்துட்டு ஜிபின்னே எழுதுது, அந்தக் குழப்பத்த வச்சு உங்க டெக்னீஷியன் மாதிரி ஆளுங்க சம்பாதிக்கிறாங்க. அவங்க செய்யறதும் பெரும்பாலும் ஃபார்மேட் பண்றதுதான், இடம் ஒண்ணும் கூடாது, உள்ள இருக்கிற போட்டோ மொத்தமா போயிரும். போன போட்டோவ மீட்டுத் தரேன்னு அதுக்கும் தனியா காசு கேப்பாங்க.

ரேம் மட்டும் இதுல சேராது, அத நல்லாப் புரிஞ்சுக்கணும். ரேம்ல அட்ரஸ் லைன் (எந்த இடத்துல எழுதணும், படிக்கணும்னு சொல்ற கம்பி) ஒண்ணு கூடினா இடம் ரெண்டு மடங்காகும், அதனால அது பிறவிலயே 2, 4, 8ன்னு இரட்டிக்கிற கணக்குதான், 8 ஜிபி ரேம்னா நிஜமாவே 1024 கணக்குல 8 ஜிபி. அங்க 0.93 பெருக்கல் வேண்டாம். 7.8ன்னு காட்டினா கிராபிக்ஸ் மாதிரி வேலைக்கு கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்கும், அவ்வளவுதான், ஆனா 8 ஜிபி போட்டு 4 தான் காட்டுதுன்னா அது இந்தக் கணக்கு இல்ல, ரேம் சரியா உக்காரலயா, இல்ல 4 ஜிபிக்கு மேல பயன்படுத்தத் தெரியாத 32 பிட் விண்டோஸான்னு பாக்கணும்.

இதே மாதிரி குழப்பம் நெட் ஸ்பீடுலயும் உண்டு, அங்க வர்றது பைட் இல்ல, பிட், எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். எட்டால வகுங்க, 100 மெகாபிட்னா செகண்டுக்கு 12.5 மெகாபைட்.

நிஜமா நீங்க பயப்பட வேண்டியது 931 காட்டுற டிஸ்க்குக்கு இல்ல, அடிமட்ட விலைல கிடைக்கிற 2 டிபி பென் டிரைவுக்கு. அதுக்குள்ள இருக்கிற கன்ட்ரோலரையே (டிரைவ நடத்துற சிப்) பொய் சொல்ல வச்சிருப்பாங்க, கம்ப்யூட்டர்ல போட்டா 2 டிபிக்கு உண்டான கணக்கு அப்படியே காட்டும், காப்பியும் ஆகும், உள்ள நிஜமா 32 ஜிபி தான் இருந்துச்சுன்னா அதுக்கு மேல போட்ட ஃபைல் எதுவும் திறக்காது. அதனால ஸ்கிரீன்ல வர்ற நம்பர நம்பாம, வாங்கின உடனே, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள, ஃபுல்லா எழுதித் திரும்பப் படிக்கிற டெஸ்ட் ஓட்டுங்க, எஃப்3ன்னு இலவச சாஃப்ட்வேர் லினக்ஸ், மேக்குக்கு இருக்கு, விண்டோஸுக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். டெஸ்ட் முடியற வரைக்கும் உங்க ஒரிஜினல் ஃபைல எங்கயும் டெலீட் பண்ணிராதீங்க.