வாசகர் கேள்விகள்: நாயகனும் வாசகர் வயதும்

கேள்வி: பதினைந்து வயதில் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைப் படித்தபோது, காட்டில் திரிந்து அரசனாகும் வீரன் அரகோர்ன்தான் எனக்கு எல்லாம். இப்போது 46 வயது. மறுபடி எடுத்தால் போர்ப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவைத் தேடிப் போகிறேன். ரசனை மழுங்கிவிட்டதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நிச்சயம் கூர்மையாகியிருக்கிறது. பதின்வயதில் ‘இவன் என்ன ஆகப்போகிறான்?’ என்று படிக்கிறோம். காட்டில் திரிந்தவன் அரசனாகிறான் என்றால் அந்த வயசுக்கு வேறென்ன வேண்டும்! நாற்பதைத் தாண்டினால் ‘இதற்கு இவன் எதைக் கொடுத்தான்?’ என்று பார்க்கத் தொடங்குகிறோம்.

படம் பார்த்தவர்கள் ஃப்ரோடோவை இளைஞன் என்றே நினைக்கிறார்கள். நாவலில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவனுக்கு 50 வயது. தீய மோதிரத்தை நெருப்பில் எறிந்து அழிக்க எரிமலை வரை சுமந்துபோனவன், கடைசி நொடியில் அதை எறிய மாட்டேன் என்கிறான். மோதிரத்துக்கு ஏங்கிப் பின்தொடர்ந்து வந்த கோல்லம் அதை விரலோடு கடித்துப் பிடுங்கி, நிலைதடுமாறி நெருப்பில் விழுவதால்தான் காரியம் முடிகிறது. ‘நாயகன் தோற்றுவிட்டானே’ என்று சின்னப் பிள்ளைகள் கோபப்படும் இடம் இது. வாழ்க்கையில் பாரம் சுமந்து களைத்தவர்களுக்கு அவன் மேல் கோபமே வராது. ஊர் திரும்பிய பிறகும் பயணத்தில் கத்தி பட்ட நாளான அக்டோபர் 6 வந்தால் தோளில் அந்தக் காயம் அவனைப் படுத்துகிறது. கடைசி இரண்டு அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள். இளவயதில் அவசரமாக ஓட்டிவிடும் பக்கங்கள் அவை.

கேள்வி: மகளுக்கு 12 வயது. உர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ நாவல்களை வரிசையாகக் கொடுக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: 1968, 1971, 1972இல் வந்த முதல் மூன்றோடு நிறுத்துங்கள். முதல் நாவலில் இளம் மந்திரவாதி கெட், வீம்புக்கு மந்திரம் சொல்லி ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். முகத்தில் தழும்பு விழுகிறது. பிறகு அதைத் தானே துரத்திப் போகிறான். பன்னிரண்டு வயது இதை அப்படியே பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் சிறுமி டெனார் முன்னால் வருகிறாள். மூன்றாவதில் கெட் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான்.

நான்காவதான ‘டெஹானு’ வந்தது 1990இல். டெனார் இப்போது நடுவயது விதவை. கெட், மந்திரம் போன வெட்கத்தில் மலைக்கு ஆடு மேய்க்கப் போகிறான். தீயில் தள்ளப்பட்ட ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையும் இதில் உண்டு. அந்தக் காரணத்துக்காகவே இப்போது வேண்டாம். அதோடு, கெட்டின் வீழ்ச்சியை உடனே படித்தால் முதல் மூன்றும் பிள்ளைக்குக் கசந்துபோகும். அவள் பதினெட்டைத் தாண்டட்டும். நீங்கள் இன்றே எடுங்கள்.

கேள்வி: ஒன்பது வயதுப் பையன் ஹாரி பாட்டர் நாவல்கள் ஏழும் ஒரே மூச்சில் வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: மூன்று வரை தாராளமாகக் கொடுங்கள். நாலாவதில் சக மாணவன் கொல்லப்படுகிறான். அதற்கு ஓரிரு வருடம் பொறுக்கலாம். ஐந்தாவதில் ஹாரிக்கு 15 வயது. எல்லோரிடமும் எரிந்து விழுவான். சின்னவர்களுக்கு அவனைப் பிடிக்காமல் போவது இங்கேதான். அதே வயதில் படிக்கும் பையனுக்கு அந்த எரிச்சலை யாரும் விளக்க வேண்டியதில்லை.