வாசகர் கேள்வி – பதில்: 27 ஹோம் ரன்களும் ஒரு குட்டி மைதானமும்

கேள்வி (ஏற்காடு வாசகர்): எங்கள் ஊரில் சரிவான திடலில் விளையாடும்போது, அடித்த பந்து காபித் தோட்டத்துக்குள் உருண்டுவிட்டால், அதைத் தேடி எடுப்பதற்குள் வேண்டிய மட்டும் ஓடிவிடுவோம். அமெரிக்க பேஸ்பாலின் தொடக்க காலப் பட்டியலில், 1876இல் 5 ஹோம் ரன் (ஒரே அடியில் முழுச் சுற்றும் ஓடி முடிக்கும் ஓட்டம்) அடித்தவர் முதலிடம் பெற்றிருக்கிறார். 1884இலோ அது 27. ஆட்டம் அவ்வளவு விரைவாகவா வளர்ந்தது?

பதில்: அந்த 27க்குக் காரணம் ஆட்டக்காரரின் வலிமையைவிட அவர் ஆடிய மைதானம்தான். 1871இல் முதல் தொழில்முறைப் போட்டித் தொடர் நடந்தபோது லிப் பைக் உள்ளிட்ட மூவர் தலா 4 ஹோம் ரன்களுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். 1876இல் 5 அடித்த ஜார்ஜ் ஹால், மறு ஆண்டே பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தோற்ற விவகாரத்தில் சிக்கி ஆயுள் தடை பெற்றார் என்பதையும் சொல்லிவைக்கலாம்; அந்த நோய் இன்றைய கிரிக்கெட்டில் பிறந்ததன்று.

27 அடித்தவர் சிகாகோ அணியின் நெட் வில்லியம்சன். அந்த அணியின் சொந்த மைதானத்தில் இரு ஓரங்களிலும் சுவர் 200 அடிக்கும் குறைந்த தொலைவில் இருந்ததால், 1883 வரை அதைத் தாண்டிய பந்துக்கு இரண்டு பேஸ் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டு) மட்டுமே வழங்கப்பட்டது. 1884இல் அதையே ஹோம் ரன் எனக் கணக்கிடத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டில் 2 ஹோம் ரன் மட்டுமே அடித்திருந்த வில்லியம்சன் 27க்கு உயர்ந்தார். அவற்றில் 25 சொந்த மைதானத்தில் அடித்தவை. அவருக்கு அடுத்த மூன்று இடங்களைப் பெற்றவர்களும் அதே அணியினர் என்பதிலிருந்தே உண்மை விளங்கும். மறு ஆண்டு அணி வேறு மைதானத்துக்கு மாறியதும் அவரால் 3 மட்டுமே அடிக்க முடிந்தது.

உங்கள் காபித் தோட்டத்து ஓட்டத்துக்கும் அங்கே மதிப்பு உண்டு. பந்து சுவரைத் தாண்டாவிட்டாலும், அது திரும்பி வருவதற்குள் நான்கு பேஸையும் ஓடித் தொட்டுவிட்டால் ஹோம் ரன்தான். 1902இல் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் தொடரான நேஷனல் லீகில் முதலிடம் பெற்ற டாமி லீச் அடித்த 6 ஹோம் ரன்களும் அப்படி ஓடியே எடுத்தவை.

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி வாசகர்): வில்லியம்சனின் சாதனை எப்போது முறிந்தது? ஹோம் ரன்களுக்குப் பெயர்பெற்ற பேப் ரூத்துக்கு முன் உண்மையான ஹோம் ரன் வீரர் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: 35 ஆண்டுகள் நின்ற அந்த எண்ணிக்கையை 1919இல் பாஸ்டன் அணிக்காக ஆடிய ரூத் 29 அடித்து முறியடித்தார், அவற்றில் 9 மட்டுமே சொந்த மைதானத்தில் அடித்தவை என்பதால், இரண்டு சாதனைகளையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஓராண்டுக் கணக்கில் பார்த்தால், 1899இல் வாஷிங்டன் அணிக்காக 25 அடித்த பக் ஃப்ரீமனையே வில்லியம்சனுக்கு மேலாக நான் மதிப்பேன். ஆயுள் கணக்கில் ரோஜர் கானர்தான் முதல்வர். 1897இல் ஓய்வு பெற்ற அவருடைய மொத்தம் 138. 1921இல்தான் ரூத் அதைக் கடந்தார். ஆனால், நேஷனல் லீகின் ஆண்டுப் பட்டியலில் ஒருமுறைகூட முதலிடம் பெறாதவர் இந்தக் கானர்.