சுவரை எடுத்துவிட்டால் அறிவு பரவுமா?

கேள்வி: எங்கள் ஆய்வுக்குழு விரைவில் புதிய கட்டடத்துக்கு மாறவிருக்கிறது. தனி அறைகளே இல்லாமல் எல்லோரும் ஒரே கூடத்தில் அமர்ந்தால், ஒருவர் அறிந்தது மற்றவர்களுக்குத் தானாகவே போய்ச் சேரும் என்று நிர்வாகம் கூறுகிறது. இது சரியா?

பதில்: பெரும்பாலும் சரியல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் ஆகியோர், இரண்டு நிறுவனத் தலைமையகங்கள் உள்சுவர்களற்ற திறந்த அலுவலகங்களாக மாறியபோது, ஊழியர்கள் அணிந்திருந்த உணர்விகளை (சென்சார்) கொண்டு அவர்களுடைய நேர்ப் பேச்சை அளந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். நேர்ப் பேச்சு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் பெருகியிருந்தன. அவை ஆய்வகங்கள் அல்ல என்றாலும், இதற்கு நான் கருதும் காரணம் ஆய்வாளர்களுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். ஆய்வில் பகிரத் தகுந்தவற்றுள் முதன்மையானவை தோற்றுப்போன சோதனையும் அரைகுறையாக உருவான ஐயமும்தான். அவற்றை நாற்பது பேர் காதில் விழும்படி சொல்ல எவரும் முன்வருவதில்லை.

சுவரைவிடத் தொலைவே பெரிய தடை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தாமஸ் ஆலன் 1970களில் ஆய்வுக்கூடங்களில் கண்டது இது: இருவரின் மேசைகளுக்கு இடையிலான தொலைவு கூடக்கூட, அவர்கள் வாரம் ஒருமுறையாவது தொழில்நுட்பம் குறித்துப் பேசுவதற்கான வாய்ப்பு விரைவாகச் சரிகிறது, ஏறத்தாழ 30 மீட்டருக்கு அப்பால் மிகக் குறைந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. எனவே அறைகள் வேண்டுமா, கூடம் வேண்டுமா என்பதற்கு முன்னால், யாருக்கு அருகில் யார் அமரப்போகிறார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய சிறு அறைகள் மேசைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எழுதியதை உடனே அழிக்க வேண்டிய கட்டாயமில்லாத வெண்பலகை ஒன்றும் அவற்றில் இருப்பது நல்லது.

பொது இடத்தைப் பொறுத்தவரை, கேம்பிரிட்ஜில் 1962இல் திறக்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் நல்ல முன்மாதிரி. அதன் தலைவர் மாக்ஸ் பெருட்ஸ், ஆய்வாளர்கள் பேசிக்கொள்ளும் இடமாகச் சிற்றுண்டிச்சாலையைக் கருதினார். அதை அவருடைய மனைவி கிசெலா பல ஆண்டுகள் மேற்பார்வையிட்டார். கருவிகளையும் குழுக்கள் பொதுவில் வைத்துப் பயன்படுத்தியதால், ஒருவர் வேலை மற்றவர் கண்ணில் பட்டது. (காபி இயந்திரத்தை மேலாளரின் மேசைக்கு எதிரில் வைத்துவிட்டு இதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.)

கேள்வி: நாங்கள் எல்லாவற்றையும் குழுச் செய்திகளிலேயே பகிர்ந்துகொள்கிறோம். அப்படியிருக்க, யார் எங்கே அமர்ந்தால் என்ன?

பதில்: அருகில் இருப்பவர்களே தொலைபேசியிலும் கூடுதலாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் ஆலன் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினார். பழகியவரிடம்தான் கேள்வி கேட்கத் துணிகிறோம். பாரிஸின் ஜூசியூ பல்கலைக்கழக வளாகத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அகற்றும் பணிக்காக ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் இடம் மாற்றப்பட்டபோது, தாங்களாகத் தேர்ந்துகொள்ளாமலே பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்ந்த ஆய்வகங்களுக்கிடையே கூட்டாய்வுகள் பெருகியதை ஆய்வாளர் கிறிஸ்டியன் கட்டலினி ஆராய்ந்து காட்டியிருக்கிறார். உங்கள் குழுச் செய்திகளில் இதுவரை ஒருவரோடு ஒருவர் பேசியிராதவர்கள் யார் என்று பாருங்கள். வேலையில் தொடர்பு இருந்தும் பேசாதிருப்பவர்களுக்குப் புதிய கட்டடத்தில் ஒரே தளத்தில் இடம் கேட்டு வாங்குங்கள்.